உள்ளங்கை வண்டிகள் – 7: நான்கு ஜாகுவார்கள்

சென்ற அத்தியாயத்தில் சிகாகோவில் நின்றோம். 1893 உலகக் கண்காட்சியில் லைனோடைப் இயந்திரம் உருகிய உலோகத்தில் எழுத்துகளை வரிவரியாக வார்த்துத் தள்ளியதையும், எழுத்தை வார்க்கிற இயந்திரம் பொத்தானையும் பொம்மையையும் வார்க்காதா என்று டௌஸ்ட் சகோதரர்கள் யோசித்ததையும், அந்த யோசனை பின்னாளில் ‘டூட்ஸிடாய்’ ஆனதையும் பார்த்தோம்.

இந்த வாரம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராமகுப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையே போதும். சித்தூர் மாவட்டத்தின் மூலையில், ஒரு பக்கம் தமிழ்நாடும் இன்னொரு பக்கம் கர்நாடகமும் எட்டிப் பார்க்கிற ஊர் இது. இங்கே ஒரு பழைய துண்டை விரித்து, நான்கு பொம்மை வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். நான்கும் ஒரே கார்: ஜாகுவார் ஈ-டைப். நீண்ட மூக்கு, சின்ன வால். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அசல் வண்டி வெளியானது. அடுத்த ஆண்டே மூன்று பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனிகள் அதை உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டன: டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ். நான்காவது வண்டி கல்கத்தாவில் செய்தது. பெயர் ‘நிக்கி’.

நான்கில் எனக்கு முதலில் வந்தது அந்தக் கல்கத்தா வண்டிதான். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமா, பெங்களூருக்குப் போனபோது வாங்கி வைத்திருந்து, பங்காருப்பேட்டையில் ரயில் மாறி, குப்பத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் கொண்டுவந்தார். மற்ற மூன்றும் நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

“எந்த ஊர் வண்டி மாமா இது?” என்று கேட்டேன்.

“என்னைக் கேட்டா? கவுத்துப் போட்டுப் படிடா. எழுதியிருக்கும்.”

பொம்மை வண்டிகளைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். வண்டியின் சரித்திரம் வயிற்றில் இருக்கிறது.

லிவர்பூல்: ரயிலுக்குத் துணையாக வந்த கார்

முதலில் டிங்கி. லிவர்பூல் நகரின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையில் பிறந்தது. அதன் முதலாளி ஃப்ராங்க் ஹார்ன்பி. திருகாணியும் துளைபோட்ட தகடுமாக மெக்கானோ பெட்டியைக் கண்டுபிடித்தவர். பிறகு பொம்மை ரயில்களும் செய்தார். ரயில் ஓடினால் ஸ்டேஷன் வேண்டும். ஸ்டேஷன் இருந்தால் மாஸ்டரும் போர்ட்டரும் பயணிகளும் வேண்டும். அப்படித்தான் 1931இல் சின்னச் சின்ன உலோக உருவங்கள் வந்தன. 1933 கடைசியில் அவற்றோடு சில வண்டிகள் சேர்ந்தன. 1934இல் அந்த வண்டிகளுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயர் விழுந்தது.

ரயிலுக்குத் துணையாக வந்ததால் ஒரு விளைவு. ஹார்ன்பியின் பெரிய ரயில், ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தது. ஓர் அடியில் 304.8 மில்லிமீட்டர், 7ஆல் வகுத்தால் 43 சொச்சம். உலகம் முழுவதும் இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் ‘ஒன்றுக்கு 43’ என்று சொல்லும் அளவு இந்த வகுத்தலில் வந்ததுதான். அந்த விதியை டிங்கியே கறாராகப் பின்பற்றவில்லை. என் டிங்கி ஜாகுவார் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அசல் கார் சுமார் 4.45 மீட்டர். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 48 என்று வருகிறது.

டிங்கி பட்டியலில் இதன் எண் 120. சிவப்பு உடல், கழற்றி மாட்டும் கறுப்புக் கூரை. கையில் எடுத்தால் கனம் தெரியும். கதவுக்கோட்டில் நகத்தை ஓட்டினால், நகம் தடுக்கி நிற்கும் அளவுக்கு ஆழம். முப்பது ஆண்டுகள் உலோகம் வார்த்துப் பழகிய கை அது.

ஸ்வான்சீ: ஜன்னல் வைத்த வண்டி

இரண்டாவது கார்கி. இதன் கதை ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தொடங்குகிறது. பொம்மைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே தொழில் நடத்திய பிலிப் உல்மன் என்ற யூதர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்து 1933இல் மெட்டாய் கம்பெனியைத் தொடங்கினார். போருக்குப் பிறகு வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1956இல் அங்கிருந்து வந்த கார்களுக்கு, வேல்ஸின் குட்டைக்கால் நாயின் பெயரையே வைத்தார்கள்: கார்கி.

கார்கியின் விளம்பரமே “ஜன்னல் வைத்த வண்டிகள்” என்பதுதான். அதுவரை பொம்மைக் காருக்குக் கண்ணாடி கிடையாது. ஜன்னல் என்றால் வெறும் ஓட்டை. கார்கி உள்ளே தெளிவான பிளாஸ்டிக்கைப் பொருத்தியது. டிங்கியும் ஓரிரு ஆண்டில் பின்தொடர வேண்டியதாயிற்று. 1959இல் கார்கி வண்டிகள் ஸ்பிரிங் வைத்துக் குதித்தன. 1960இல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4இன் முன்மூடி திறந்து என்ஜின் தெரிந்தது. 1965இல் ஜேம்ஸ் பாண்ட் கார் வந்தது. பொத்தானை அழுத்தினால் கூரை திறக்கும், இருக்கையில் இருக்கும் ஆள் வெளியே பறப்பார். அந்தச் சின்ன ஆளைத் தொலைக்காத குழந்தை உலகத்தில் உண்டா என்பது சந்தேகம்.

கார்கி ஜாகுவாருக்கும் டிங்கி மாதிரியே கழற்றி மாட்டும் கூரை. இரண்டையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் நுணுக்கமானது. டிங்கியின் மூக்கு கொஞ்சம் மொண்ணை. கார்கி அசலுக்கு நெருக்கம். டிங்கி, கார் எப்படி இருக்கும் என்று சொல்கிறது. கார்கி, கார் என்னவெல்லாம் செய்யும் என்று காட்ட ஆசைப்படுகிறது. 1956க்குப் பிறகு டிங்கி செய்த மாற்றங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஸ்வான்சீயின் உரசல் இருந்தது. போட்டி குழந்தைகளுக்கு லாபம்.

லண்டன்: பெட்டிக்கு அளவெடுத்த வண்டி

மூன்றாவது வண்டி மற்ற மூன்றுக்கும் தம்பி மாதிரி நிற்கிறது. ஆறரை சென்டிமீட்டர்தான். மேட்ச்பாக்ஸ் பட்டியலில் எண் 32.

செய்தவர்கள் லெஸ்னி. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இருவர் 1947இல் தொடங்கிய கம்பெனி. உறவில்லாதவர்கள், கடற்படை நண்பர்கள். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டியதுதான் ‘லெஸ்னி’. மூடிக்கிடந்த ஒரு மதுக்கடையில் வார்ப்பு வேலை நடந்தது. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல்தான் உண்மையான கைவினைஞர். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. அப்பா ஒரு சாலை உருளையைச் சின்னதாகச் செய்து தீப்பெட்டியில் போட்டுக்கொடுத்தார். வகுப்பே கேட்டது. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி லெஸ்னி செய்த சின்ன ரதம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காசு கையில் இருக்க, அதே ஆண்டில் மேட்ச்பாக்ஸ் வரிசை தொடங்கியது.

தீப்பெட்டி என்றால் நமக்குச் சிவகாசி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காலித் தீப்பெட்டியில் ஈர்க்குச்சி குத்தி, சோடா மூடியைச் சக்கரமாக்கி வண்டி செய்தார்கள். லண்டனில் தீப்பெட்டிக்குள் வண்டி; இங்கே தீப்பெட்டியே வண்டி.

மேட்ச்பாக்ஸுக்கு அளவு சொல்வது கார் இல்லை, பெட்டி. அதனால் இரட்டை மாடி பஸ்ஸும் ஜாகுவாரும் ஏறக்குறைய ஒரே நீளம். டிங்கியில் பஸ் பெரியது, கார் சிறியது; உலகத்தின் நியாயம் ஓரளவுக்காவது இருக்கும். மேட்ச்பாக்ஸில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகள். விலையும் பெட்டிக்கு ஏற்றது: பெற்றோரைக் கெஞ்ச வேண்டாம், கைச்செலவுக் காசில் பிள்ளையே வாங்கலாம். என் எண் 32இன் சக்கரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அரைவிரல் அகலமில்லாத சக்கரத்தில் கம்பி ஆரங்கள். ஓடெலின் கை அப்படிப்பட்டது.

கல்கத்தா: வேறு பெயரில் அதே வண்டி

இனி மாமா கொடுத்த வண்டி.

1956-57இல் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. இறக்குமதிக்கு இறுக்கமான பூட்டு விழுந்தது. எஃகு ஆலைக்கு இயந்திரம் வாங்கவே டாலர் இல்லாதபோது, பொம்மைக் காருக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தால் உண்டு.

லிவர்பூலில் வேறொரு கதை. 1964இல் மெக்கானோ நொடித்துப்போய் லைன்ஸ் சகோதரர்கள் கைக்கு மாறியது. பழைய மாதிரிகள் பட்டியலிலிருந்து விழத் தொடங்கின. ஈ-டைப் 1967இல் விழுந்தது. மாதிரி விழுந்தால் அச்சு என்ன ஆகும்?

அச்சு என்பது இரண்டு பாதியாகப் பிளக்கும் எஃகுக் கட்டி. வார்ப்புப் பட்டறைகளில் ‘டை’ என்பார்கள். உள்ளே காரின் வடிவம் குழியாக வெட்டப்பட்டிருக்கும். இரண்டு பாதியும் மூடிக்கொள்ள, உருகிய துத்தநாகக் கலவையைப் பிஸ்டன் அழுத்தி உள்ளே பாய்ச்சும். நொடிகளில் இறுகும். திறந்தால் பளபளவென்று ஒரு கார் உடல், ஓரத்தில் பிசிறோடு விழும். பிசிறை உடைத்து, உருட்டி வழித்து, வண்ணம் அடித்து, அடித்தகட்டை வைத்துத் தட்டினால் வண்டி.

டிங்கி முதல் ஹாட் வீல்ஸ் வரை எல்லாருக்கும் இந்தக் கலவைதான். ஜெர்மன் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஜமாக்’ என்பார்கள்: துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியம், செம்பு. அது உருகுவது 400 டிகிரிக்கும் கீழே. எஃகுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அதனால் ஒரு நல்ல அச்சு லட்சக்கணக்கான வண்டிகளைப் பெற்றெடுத்தும் சாகாது. கம்பெனி செத்தாலும் அச்சு சாகாது. இந்தத் தொடரில் இனி வரும் பாதிக் கதைகளுக்குக் காரணம் இந்த ஒரு வெப்பநிலை வித்தியாசம்தான்.

லிவர்பூலில் ஓய்வுபெற்ற அச்சுகளில் ஒரு பகுதி, 1960களின் பிற்பகுதியில் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. வாங்கியவர்கள் எஸ். குமார் அண்ட் கோ. ‘அடாம்கோ பிரைவேட் லிமிடெட்’ என்ற பெயரில் தொழில் நடந்தது. பென்ட்லி, ஃபோக்ஸ்வேகன் 1500, ஜாகுவார் என்று டிங்கியின் குடும்பம் ஒன்று அங்கே மறுபிறவி எடுத்தது. பட்டியல் எண் முதற்கொண்டு மாறவில்லை: ஜாகுவாருக்கு அங்கேயும் 120தான். காராக வந்தால் சுங்கம் தடுக்கும். அச்சாக வந்தது இந்தியத் தொழிலானது.

நேரமும் கூடிவந்தது. 1967இல் கேரளத்தின் ஆலுவாயிலும், 1968இல் உதய்பூரை அடுத்த தேபாரியிலும் துத்தநாக உருக்காலைகள் இயங்கத் தொடங்கின. உதய்பூருக்குத் தெற்கே ஜாவர் சுரங்கம் இருக்கிறது. துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் நுட்பத்தைப் பெரிய அளவில், ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே செய்த இடம் அது. மண் உருளைகள் மலைமலையாக இன்னும் அங்கே கிடக்கின்றன.

அச்சு முறுக்கும் அச்சு வண்டியும்

இரண்டு ஜாகுவார்களையும், டிங்கி 120ஐயும் நிக்கி 120ஐயும், இப்போது தனியே எடுத்து வைக்கிறேன். ஒரே அச்சில் பிறந்த அக்கா தங்கைகள். ஆனாலும் தங்கையின் முகம் சற்றே கலங்கலாக இருக்கிறது. டிங்கியில் நகத்தைத் தடுக்கிய கதவுக்கோடு, நிக்கியில் நகத்தை வழுக்கவிடுகிறது. பல்லாயிரம் முறை உலோகம் பாய்ந்து அச்சின் ஓரம் தேய்ந்திருக்கிறது. வண்ணமும் தடிமன், கோட்டில் இருந்த கொஞ்ச ஆழத்தையும் அது நிரப்பிவிட்டது. என் வண்டிக்குக் கூரை இல்லை. அது கல்கத்தாவின் குற்றமில்லை. வண்டி வந்த வருஷக் கோடையில் எங்கள் கிணற்றடியில் நான் தொலைத்தது.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு முன் அச்சு முறுக்கு அச்சு வீடுவீடாகப் போகும். எங்கள் வீட்டில் அச்சு முறுக்கு. அடுத்த வீட்டில் அதற்கே ‘குலாபி பூவுலு’. அச்சு ஒன்று, எண்ணெய் வேறு, மாவு வேறு, பெயர் வேறு. அம்மா சொல்வார்: புது அச்சில் மாவு ஒட்டும், பழகின அச்சுதான் பூவை விடும். எஃகு அச்சுக்கு அந்த நியாயம் இல்லை. அங்கே முதல் பூதான் அழகு.

சேகரிப்பாளர்கள் நிக்கியைக் குறைசொல்வது இதனால்தான்: தேய்ந்த அச்சு, தடித்த வண்ணம். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் தயாரிப்பாளர்களை ஒப்பிடும்போது, யார் திறமைசாலி என்பதோடு, அச்சு யார் கைக்கு எப்போது வந்தது என்பதையும் கேட்க வேண்டும். லிவர்பூலுக்குப் புது அச்சும் கல்கத்தாவுக்குப் பழைய அச்சும் கிடைத்தன. கதவுக்கோட்டின் ஆழத்தை மட்டும் வைத்து இரண்டு ஊரின் கைகளை எடைபோட முடியாது.

கல்கத்தா அசலை அப்படியே நகலெடுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. டிங்கியில் எண் 295, அட்லஸ் என்ற சின்ன பஸ். அசல் அட்லஸ் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. அந்தக் குடும்பத்து வண்டியைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு 20’ என்று செய்தது. பள்ளி வேனாகவும் ஆம்புலன்ஸாகவும் நம் ரோடுகளில் அது ஓடிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிக்கி, அந்த டிங்கி அச்சில் வார்த்த வண்டிக்கு ‘ஸ்டாண்டர்டு 20 மினிபஸ்’ என்று பெயர் வைத்தது. லிவர்பூல் பிள்ளைக்கு அது அட்லஸ். மெட்ராஸ் பிள்ளைக்கு, காலையில் தன்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வண்டி. தெருவில் ஓடுகிற வண்டியையே உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற சுகத்தை, அரைத்த மாவை வைத்தே கல்கத்தா நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

பெயர்கள் வீடு மாறின

மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகளும் நான்கு ஆண்டுக்குள் அடுத்தடுத்துச் சரிந்தன. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பர் 30இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் திவாலாயிற்று. ஹாங்காங்கின் யுனிவர்சல் வாங்கியது. மெட்டாய் 1983இல் விழுந்தது. அச்சுகள் மறுபடியும் ஊர் சுற்றின. 1980களில் மேட்ச்பாக்ஸ் அச்சுகள் ஹங்கேரிக்கும் பல்கேரியாவுக்கும் போய், அங்கே வினோதமான வண்ணங்களில் வண்டி பெற்றன. கல்கத்தா அனுபவம் உலக வழக்கமாயிற்று.

பெயர்களும் வீடு மாறின. 2008இல் கார்கியை வாங்கியது யார் தெரியுமா? ஹார்ன்பி. டிங்கியைப் பெற்ற ஹார்ன்பியின் பெயர் தாங்கிய ரயில் கம்பெனி, டிங்கியை ஓட ஓட விரட்டிய கார்கியைத் தத்தெடுத்தது. டிங்கி என்ற பெயரோ மேட்ச்பாக்ஸ் வழியாக அமெரிக்காவின் மேட்டலிடம் போய்ச் சேர்ந்தது.

துண்டை மடிக்கும் முன், மாமா சொன்னபடி நான்கையும் கவிழ்த்துப் போட்டேன். மூன்று வயிறுகளில் அந்தந்தக் கம்பெனியின் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறது. நான்காவதில், டிங்கி இருந்த இடத்தில் நிக்கி. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: இரண்டுக்கும் ஐந்தைந்து எழுத்து. முதலெழுத்தும் மூன்றாம் எழுத்தும்தான் வேறு. மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எழுத்தை வார்க்க வந்த இயந்திரம் பொம்மையை வார்க்கப் போனது என்று போன வாரம் பார்த்தோம். பொம்மை கல்கத்தா வந்து சேர்ந்தபோது, மாற வேண்டியிருந்தது இரண்டு எழுத்துதான்.

கல்கத்தா இந்தப் பழைய அச்சுகளில் வண்டி வார்க்கத் தொடங்கிய அதே காலத்தில், 1968இல், கலிபோர்னியாவில் 16 கார்கள் ஒரே வரிசையாகக் கடைக்கு வந்தன. மெல்லிய கம்பி அச்சாணி, உராயாத சக்கரம், கண்ணைப் பறிக்கும் வண்ணம். திண்ணையிலிருந்து விட்டால் வாசலைத் தாண்டி ஓடும். டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் மூன்றும் அந்த ஓட்டத்தைத் திகைத்து நின்று பார்த்தன. பிறகு அவையும் ஓடத் தொடங்கின. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)